பெர்சிபோலிஸின் கல் விலங்குகள்: எங்கே நிற்கின்றன, என்ன செய்கின்றன

ஈரானில் ஷிராஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், குஹ்-இ ரஹ்மத் என்னும் மலையின் அடிவாரத்தில், ஒரு பகுதி மலைப்பாறையை வெட்டிச் சமன்படுத்தியும் மறுபகுதி பெருங்கற்களை அடுக்கியும் அமைத்த பரந்த மேடை ஒன்று இருக்கிறது. பாரசீகப் பேரரசை ஆண்ட அகாமனீசிய மரபைச் சேர்ந்த முதலாம் டேரியஸ் (கி.மு. 522–486) அதன்மேல் அரண்மனைகளைக் கட்டத் தொடங்கினார். அவருடைய மகன் செர்க்சஸும் பேரன் முதலாம் அர்தசெர்க்சஸும் பணியைத் தொடர்ந்தார்கள். கி.மு. 330இல் அலெக்சாண்டரின் படை அங்கே தங்கியிருந்தபோது அரண்மனைகள் தீக்கிரையாயின. பாரசீகர்கள் பார்சா என்றும், கிரேக்கர்கள் பெர்சிபோலிஸ் என்றும், இன்றைய ஈரானியர்கள் தக்த்-இ ஜம்ஷீத் என்றும் அழைக்கும் இந்த இடம் 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

இதன் படங்களை முதன்முதலாகப் பார்ப்பவரின் கண்ணில் உடனே படுபவை விலங்குகள்தாம். வாயிலில் காளை, தூணின் உச்சியில் காளை, படிக்கட்டின் ஓரத்தில் காளையைக் கடிக்கும் சிங்கம், கதவு நிலையில் வீரனோடு மோதும் சிறகு முளைத்த கொடுவிலங்கு, சுவர் நெடுக ஒட்டகமும் குதிரையும் செம்மறியாடும் என்று அவை எங்கும் நிறைந்திருக்கின்றன. மன்னர்கள் தங்கள் செல்வத்தைக் காட்டுவதற்காகச் செய்துவைத்த அலங்காரம் என்று இவற்றை எண்ணிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு விலங்கும் கட்டடத்தில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், அந்த இடத்துக்கு உரிய வேலையைச் செய்கிறது. எந்த விலங்கு என்று கேட்பதற்கு முன்னால் அது எங்கே நிற்கிறது என்று கேட்கப் பழகினால், இந்தச் சிற்பக் கலையின் பெரும்பகுதி தொடக்கநிலை வாசகருக்கும் விளங்கிவிடும்.

கல் இருந்த இடங்கள்

பெர்சிபோலிஸைக் கல் அரண்மனை என்று சொல்வது வழக்கம் என்றாலும், அது முழுவதும் கல்லால் கட்டப்பட்டதன்று. அரண்மனைச் சுவர்கள் வெயிலில் உலர்த்திய மண் செங்கற்களால் மிகுந்த தடிமனோடு எழுப்பப்பட்டவை. கூரை மரத்தால் ஆனது. மேடை, படிக்கட்டு, தூண், கதவு நிலை, சன்னல் சட்டம், மாடம் ஆகியவற்றுக்கு மட்டுமே கல்லைப் பயன்படுத்தினார்கள். தீயில் கூரை எரிந்து விழுந்தது. பல நூற்றாண்டு மழையில் மண் சுவர்கள் கரைந்து மண்ணோடு சேர்ந்தன. அதனால்தான் இன்று அங்கே போகிறவர்கள் இருபுறமும் சுவரே இல்லாமல் வெட்டவெளியில் தனித்து நிற்கும் கதவு நிலைகளையும், எதையும் தாங்காமல் நிற்கும் தூண்களையும் காண்கிறார்கள்.

எடை இறங்கும் இடத்திலும், மனிதர் ஏறி இறங்கி நுழையும் இடத்திலும்தான் கல் இருந்தது என்பதை இங்கே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். விலங்குச் சிற்பங்களும் அதே இடங்களில்தான் இருக்கின்றன. தூண் தலை எடையைத் தாங்கும் இடம்; வாயிலும் படிக்கட்டும் ஒருவர் ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்துக்குள் கால் வைக்கும் இடங்கள்.

தூணின் தலையில்

பாரசீகக் கலைக்கே உரிய படைப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நான் தயங்காமல் அதன் விலங்குப் போதிகையைச் சொல்வேன். தூணின் உச்சியில் உத்திரத்தை ஏந்துவதற்காக வைக்கும் கல்லைப் போதிகை என்கிறோம். பாரசீகச் சிற்பிகள் அந்தக் கல்லை இரண்டு விலங்குகளாக வடித்தார்கள். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி, எதிரெதிர்த் திசைகளை நோக்கி, முன்னங்கால்களை உடலுக்கு அடியில் மடித்து, மார்பை முன்னே தள்ளி அமர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் பின்னுடல் கிடையாது. ஒன்றின் முன்பாதி மற்றொன்றின் முன்பாதியாகத் தொடர்கிறது. இரு தலைகளுக்கும் நடுவே, முதுகுகள் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது.

அந்தப் பள்ளத்துக்காகவே இந்த வடிவம் அமைந்தது. கூரையின் உத்திரம் அதில் வந்து அமர்ந்தது. அமர்ந்த உத்திரத்தை இருபுறமும் விலங்குகளின் கழுத்தும் தலையும் நகரவிடாமல் பிடித்துக்கொண்டன. போதிகை தூணைவிட அகலமாக இருபுறமும் நீண்டிருப்பதால், மேலே ஓடும் மரங்களுக்குத் தாங்கல் இன்னும் சற்றுத் தொலைவுக்குக் கிடைத்தது. மரமெல்லாம் எரிந்துபோன பிறகு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். பெர்சிபோலிஸுக்கு அருகில் நக்ஷ்-இ ருஸ்தம் என்ற இடத்தில் செங்குத்தான பாறையைக் குடைந்து மன்னர்களின் கல்லறைகளை அமைத்திருக்கிறார்கள். டேரியஸின் கல்லறை முகப்பு ஓர் அரண்மனை முகப்பை அப்படியே பாறையில் வடித்தது. அதில் நான்கு தூண்கள், அவற்றின்மேல் இரட்டைக் காளைகள், காளைகளின் நடுவே உத்திரத்தின் முனை, அதற்கு மேலே கூரை என்று எல்லாம் வரிசை மாறாமல் இருக்கின்றன. மரத்தில் அழிந்தது பாறையில் நின்றுவிட்டது.

இந்தப் போதிகைகளின் அளவை அறிய அபதானா என்னும் பெரிய அவை மண்டபத்தைப் பார்க்க வேண்டும். டேரியஸ் தொடங்கி செர்க்சஸ் முடித்த அந்த மண்டபத்தின் நடுக்கூடம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 60 மீட்டர் கொண்ட சதுரம். அதில் ஆறு வரிசைகளில் 36 தூண்கள் நின்றன. மூன்று பக்கங்களிலும் பன்னிரண்டு தூண்கள் கொண்ட முன்மண்டபங்கள் இருந்தன. ஆக 72 தூண்களில் இன்று 13 மட்டுமே நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 19 மீட்டர் உயரம். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே எட்டரை மீட்டருக்கும் அதிகமான இடைவெளி இருந்தது. கல் உத்திரம் இட்டிருந்தால் இத்தனை அகலம் தாங்காது, நடுவில் முறிந்துவிடும். லெபனானிலிருந்து கேதுரு மரத்தைக் கொண்டுவந்து கூரையிட்டதால்தான் தூண்களை ஒல்லியாகவும், உயரமாகவும், தள்ளித் தள்ளியும் நிறுத்த முடிந்தது.

தூணைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால், அடியில் கவிழ்ந்த மணி வடிவ அடித்தளமோ சதுரப் படியோ இருக்கும். அதன்மேல் நெடுக்காகப் பள்ளவரிகள் ஓடும் தண்டு. அதற்கு மேலே தொங்கும் ஓலைகள் போன்ற ஒரு பகுதி. அடுத்து எகிப்தியத் தூண்களை நினைவூட்டும் மலர்க்கிண்ணம். அதற்கும் மேலே செங்குத்தாக நிற்கும் சுருள்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் விலங்குகள். எல்லாத் தூண்களிலும் இத்தனை உறுப்புகளும் இருப்பதில்லை. சிலவற்றில் தண்டின்மேல் நேரடியாகவே விலங்குகள் அமர்ந்திருக்கும். ஆனால் விலங்கு இல்லாமல் முடியும் கல் தூணைப் பெர்சிபோலிஸின் பெருமண்டபங்களில் எதிர்பார்க்க வேண்டாம்.

காளைதான் மிகுதி. சிங்கமும், மனிதத் தலை கொண்ட காளையும், கழுகின் அலகும் சிங்கத்தின் உடலும் கொண்ட கற்பனை விலங்கும் போதிகைகளாகக் கிடைத்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை இன்றைய ஈரானியர்கள் ஹோமாப் பறவை என்கிறார்கள். ஈரான் ஏர் விமானங்களின் வாலில் இருக்கும் சின்னம் அதைப் பார்த்து வரைந்ததுதான். இவ்வகைப் போதிகைகளின் தொடக்கத்தைப் பேரரசை நிறுவிய சைரஸ் கட்டிய பசர்கடேயில் காணலாம். அங்கே ஓர் அரண்மனையில் சிங்கம், காளை, குதிரை ஆகியவற்றின் உடைந்த போதிகைத் துண்டுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. குதிரை பின்னால் வந்த மண்டபங்களில் தூண் உச்சியை விட்டு நீங்கிவிட்டது. அது சுவர்ச் சிற்பங்களில் மனிதரோடு நடந்து வரும் விலங்காக மட்டும் நிலைத்தது.

ஒரு முழுப் போதிகையை அருகிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு பாரிசின் லூவர் அருங்காட்சியகம் நல்ல இடம். சூசா நகரில் டேரியஸ் கட்டிய அபதானாவிலிருந்து, 1880களில் அகழ்வு நடத்திய மார்செல், ஜேன் தியூலஃபுவா தம்பதியர் கொண்டுசென்ற இரட்டைக் காளைப் போதிகை அங்கே இருக்கிறது. 20 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டிய சிற்பம் அங்கே கண்முன்னால் நிற்பதால், சிற்பி எவ்வளவு வேலை செய்திருக்கிறான் என்பது புலப்படுகிறது. நெற்றியிலும், தாடையிலும், மார்பிலும், முதுகிலும் மயிர் சிறு சிறு சுருள்களாக வரிசை பிசகாமல் அமைந்திருக்கிறது. கழுத்தில் மலர்ப் பதக்கங்கள் கோத்த மாலை தொங்குகிறது. கூரையின் நிழலில், கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கப்போகிறது என்று தெரிந்தும் ஒரு சுருளைக்கூடக் குறைக்காமல் செதுக்கியிருப்பதை, இந்தக் கலையின் பெருமைகளுள் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

வாயிலில்

மேடைமீது ஏறிவரும் இரட்டைப் படிக்கட்டின் உச்சியில் செர்க்சஸ் கட்டிய வாயில் மண்டபம் இருக்கிறது. பழைய பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் ஆகிய மூன்று மொழிகளிலும் அங்கே பொறித்திருக்கும் கல்வெட்டில், பாரசீகர்களின் முதன்மைக் கடவுளான அகுரமஸ்தாவின் அருளால் எல்லா நாடுகளின் வாயிலைத் தாம் அமைத்ததாக அவர் சொல்கிறார். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது. மேற்கு வாயிலின் இருபுறமும் இரண்டு மாபெரும் காளைகள் வருபவரை நோக்கி நிற்கின்றன. கிழக்கு வாயிலில் சிறகுகளும், தாடி வைத்த மனித முகமும், உயர்ந்த முடியும் கொண்ட காளைகள் மலையை நோக்கி நிற்கின்றன. முன்னுடலும் மார்பும் சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு முழு உருவமாக நிற்க, பின்னுடல் நுழைவழியின் உட்புறச் சுவரில் புடைப்புச் சிற்பமாகப் படிந்திருக்கிறது. நுழைபவர் முதலில் காளையின் முகத்துக்கு நேரே வந்து, பிறகு அதன் உடல் நெடுக நடந்து உள்ளே போகிறார்.

மனித முகமும் சிறகும் கொண்ட காவல் காளையைப் பாரசீகர்கள் அசீரியர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அசீரிய மன்னர்கள் நிம்ருதிலும் கோர்சாபாதிலும் தங்கள் அரண்மனை வாயில்களில் இத்தகைய காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்கு ஐந்து கால்கள் உண்டு. நேரே நின்று பார்த்தால் இரண்டு முன்னங்கால்களும் அசையாமல் ஊன்றி நிற்பதாகத் தோன்ற வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு கால்களால் நடப்பதாகத் தோன்ற வேண்டும். இரண்டு தோற்றங்களையும் ஒரே கல்லில் நிறைவாகக் காட்டக் கூடுதலாக ஒரு கால் தேவைப்பட்டது. பெர்சிபோலிஸின் காளைகளுக்கு நான்கு கால்கள்தாம். பாரசீகச் சிற்பி விலங்கைப் பார்வைக்கு ஏற்பப் பிரித்துக் காட்டாமல், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே உடலாகத் தெரியும்படி வடித்தான். சிறகுகளும் மாறியிருக்கின்றன: அசீரியச் சிறகு முதுகின் மேல் பின்னோக்கி நீண்டுகிடக்கும், பாரசீகச் சிறகின் முனை வளைந்து மேலெழும்.

நூறு தூண் மண்டபம் என்று வழங்கும் அரியணை மண்டபத்தின் வடக்கு முன்மண்டபத்திலும் இப்படி இரண்டு காவல் காளைகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்பில் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் 1931இல் தொடங்கிய அகழ்வின்போது அவற்றில் ஒன்றின் தலை கிடைத்தது. கருஞ்சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆன, மனித உயரத்தைவிடப் பெரிய அந்தத் தலை இப்போது சிகாகோவில் இருக்கிறது. அதில் காதுகளும் கொம்புகளும் இருந்த இடத்தில் துளைகளே உள்ளன. எளிதில் உடையக்கூடிய அந்த உறுப்புகளைத் தனியாகச் செய்து பொருத்தியிருந்தார்கள்.

படிக்கட்டிலும் கதவு நிலையிலும்

அபதானாவின் படிக்கட்டுகள் ஏறும் பக்கங்களில், படிகளின் சாய்வால் உண்டாகும் முக்கோண வெளிகளில், ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பின்னாலிருந்து பாய்ந்த சிங்கம் ஒரு காளையின் தொடைப்பகுதியில் பல் பதித்திருக்கிறது. காளை முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து, கழுத்தைத் திருப்பித் தன்னைக் கடிப்பதைப் பார்க்கிறது. பெர்சிபோலிஸின் புடைப்புச் சிற்பங்களில் மனிதரும் விலங்கும் ஏறக்குறைய எப்போதும் பக்கவாட்டுத் தோற்றத்திலேயே இருப்பார்கள். இந்தச் சிங்கத்தின் முகம் மட்டும் பார்ப்பவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. அதனால் படியேறுபவரை நேருக்கு நேர் பார்க்கும் முகம் இது ஒன்றாகவே ஆகிவிடுகிறது.

இதன் பொருள் என்ன என்பதில் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். வானில் சிம்ம விண்மீன் கூட்டம் உச்சியில் நிற்கும்போது ரிஷப விண்மீன் கூட்டம் மேற்கே மறையும் காலத்தோடு இதை இணைத்து, வசந்தத்தின் தொடக்கமான நவ்ரூஸ் புத்தாண்டைக் குறிப்பதாகச் சிலர் விளக்கினார்கள். கேட்க அழகான விளக்கம். ஈரானில் பலரும் விரும்பிச் சொல்வது. ஆனால் பெர்சிபோலிஸில் நவ்ரூஸ் கொண்டாடப்பட்டதாக அகாமனீசியக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. மேலும், சிங்கம் காளையைத் தாக்கும் காட்சி பாரசீகர்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மெசபொத்தேமியாவிலும், இன்றைய ஈரானின் தென்மேற்கில் இருந்த பழைய நாடான எலாமிலும் முத்திரைகளில் வழங்கிவந்தது. எனவே நான் வானத்தைவிடப் படிக்கட்டை நம்புவேன். மன்னரின் அவைக்கு ஏறும் வழியில், ஏறுபவரின் பக்கத்திலேயே, வலிமையின் மிகப் பழைய உருவம் ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

அதே சிங்கமும் காளையும் கதவு நிலைகளில் வேறொரு கதைக்குள் வருகின்றன. நூறு தூண் மண்டபத்தின் கிழக்கு, மேற்கு வாயில் நிலைகளில் ஒரு வீரன் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் விலங்கோடு பொருதுகிறான். அது சில நிலைகளில் சிங்கம், சில நிலைகளில் காளை, சிலவற்றில் சிறகும் தேளின் வாலும் பறவையின் நகங்களும் கொண்ட கொடுவிலங்கு. வீரன் ஒரு கையால் அதன் கொம்பையோ தலைமயிரையோ பற்றி, மறுகையால் குறுவாளை வயிற்றில் பாய்ச்சுகிறான். அவன் முகத்தில் சினமோ களைப்போ இல்லை; ஆடையின் மடிப்புகூடக் கலையவில்லை; ஒரு துளி குருதியும் காணோம். நினிவேயில் அசுர்பானிபால் மன்னர் செதுக்கவைத்த வேட்டைக் காட்சிகளில் அம்பு தைத்து, வாயில் குருதி கக்கி, பின்னுடலை இழுத்துக்கொண்டு சாகும் சிங்கங்களை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். அசீரியச் சிற்பம் ஒரு நாள் நடந்த வேட்டையைக் காட்டுகிறது. பாரசீகச் சிற்பத்தில் வெற்றி முன்னரே முடிவாகிவிட்டது, போராட்டத்துக்கு இடமே இல்லை. கதவு நிலை என்பது அறைக்குள் எது நுழையலாம், எது நுழையக்கூடாது என்று பிரிக்கும் இடம் என்பதால், கேடு வாசலிலேயே வீழும் காட்சியை அங்கே வைத்தது பொருத்தமாகவே படுகிறது.

வாயிலில் காவல் நிற்கும் காளையும், தூணில் கூரை தாங்கும் காளையும், படியில் கடிபடும் காளையும், நிலையில் குத்துப்படும் காளையும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக முதலில் தோன்றும். காளை என்றால் இன்னது என்று ஒரே பொருளைத் தேடுபவர்களுக்குத்தான் இது சிக்கல். இடத்தை வைத்துப் படித்தால் முரண் எதுவும் இல்லை.

அவைக்கு வரும் விலங்குகள்

அபதானாவின் வடக்கு, கிழக்குப் படிக்கட்டுச் சுவர்களில் பேரரசின் பல நாடுகளிலிருந்தும் காணிக்கை கொண்டுவரும் 23 குழுக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு சுவர்களிலும் ஒரே காட்சி, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கிறது. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் அரண்மனை அதிகாரி ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவருகிறார். பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. ஆடையையும் தலைப்பாகையையும் கல்லறை முகப்புகளில் பெயரோடு இருக்கும் உருவங்களோடு ஒப்பிட்டும், கொண்டுவரும் பொருள்களைப் பார்த்தும்தான் எந்த நாட்டினர் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இங்கே விலங்குகள் காவலும் செய்யவில்லை, எடையும் தாங்கவில்லை. பாக்திரியரோடு இரட்டைத் திமில் ஒட்டகமும், அரேபியரோடு ஒற்றைத் திமில் ஒட்டகமும் வருகின்றன. திமில் பெருத்த காளைகளும், வால் முடிந்த குதிரைகளும், சுருள் கொம்புச் செம்மறிக் கிடாக்களும் நடக்கின்றன. சிந்து நாட்டிலிருந்து வரும் இந்தியர் குழுவில் ஒருவர் தோளில் காவடித் தண்டு சாத்தி, இருபுறமும் தொங்கும் தட்டுகளில் சிறு பைகளைச் சுமக்கிறார்; அவை பொற்பொடி நிறைந்தவை என்று கருதுகிறார்கள். இந்தியர் ஆண்டுதோறும் 360 தாலந்து (பழங்கால எடை அளவு) பொற்பொடி செலுத்தியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எழுதியிருக்கிறார். அந்தக் குழுவோடு கழுதை இனத்து விலங்கு ஒன்றும் வருகிறது.

எலாமியர் குழுவை நின்று பார்க்காமல் போகக்கூடாது. அவர்கள் ஒரு பெண் சிங்கத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துவருகிறார்கள். பின்னால் வரும் இருவர் ஆளுக்கொரு குட்டியை மார்போடு அணைத்துத் தூக்கியிருக்கிறார்கள். தாய் நடந்துகொண்டே கழுத்தை முழுவதும் பின்னால் திருப்பி, வாயைத் திறந்து, குட்டிகளைப் பார்க்கிறது. எல்லோரும் ஒரே திசையில் ஒரே நடையில் போகும் அந்த நெடிய சுவரில் இந்தக் கழுத்து எதிர்த்திசைக்குத் திரும்பியிருக்கிறது. மரபு விதித்த கட்டுக்குள்ளேயே, ஒரு விலங்கின் தவிப்பைக் கவனித்துச் சொன்ன கை அது. பெர்சிபோலிஸ் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சிற்பம் இதுவே.

செதுக்கியவர்கள்

இவ்வளவையும் செய்தவர்கள் ஒரே நாட்டினர் அல்லர். சூசா அரண்மனையைக் கட்டியது குறித்து டேரியஸ் எழுதுவித்த கல்வெட்டு, கல் தூண்கள் எலாமில் உள்ள ஓர் ஊரிலிருந்து வந்தன என்றும், கல் தச்சர்கள் அயோனியர் என்னும் கிரேக்கரும் சார்டிஸ் நகரத்தவரும் என்றும், பொற்கொல்லர்கள் மீடியரும் எகிப்தியரும் என்றும், செங்கல் வேலை பாபிலோனியருடையது என்றும் வரிசையாகச் சொல்கிறது. பெர்சிபோலிஸில் கிடைத்த களிமண் பலகைகளிலும் பல நாட்டுத் தொழிலாளர்களுக்குத் தானியமும் வெள்ளியும் வழங்கிய கணக்குகள் இருக்கின்றன. கிரேக்கர்கள் பயன்படுத்திய பல் உளியின் தடங்களும், கல்லோடு கல்லைப் பிணைக்கும் உலோகப் பிடிகளும், தொழிலாளர் குழுக்கள் இட்ட அடையாளக் குறிகளும் கற்களிலேயே காணக் கிடைக்கின்றன. எகிப்திய மலரும் அயோனியச் சுருளும் அசீரியக் காளையும் ஒரே கட்டடத்தில் சேர்ந்ததற்கு இந்தக் கலப்பு ஒரு காரணம். ஆனால் கலவை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. இரட்டை விலங்குப் போதிகை இந்த நாடுகள் எதிலும் இந்த வடிவில் இருந்ததில்லை.

கல் அன்று இப்போது தெரிவதுபோலச் சாம்பல் நிறத்தில் இருக்கவில்லை. நீலம், சிவப்பு, பச்சை ஆகிய வண்ணங்களின் எச்சங்கள் பல சிற்பங்களில் கண்டறியப்பட்டிருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் நல்ல கல் கிடைக்காத சூசாவில் வண்ணத்துக்கு இன்னும் பெரிய பங்கு இருந்தது. அங்கே நடைபோடும் சிங்கங்களை மெருகிட்ட வண்ணச் செங்கற்களாலேயே சுவரில் அமைத்தார்கள்.

கூரை இல்லாத தூண்

பெர்சிபோலிஸ் எரிந்து சில ஆண்டுகளில் மகதத்தில் மௌரியப் பேரரசு எழுந்தது. அடுத்த நூற்றாண்டில் அசோகர் விலங்குத் தலை கொண்ட தூண்களை நிறுத்தினார். பாடலிபுத்திரத்தின் ஒரு பகுதியான கும்ராகரில் 1912–13இல் டி.பி. ஸ்பூனர் நடத்திய அகழ்வில் பளபளப்பாக மெருகேற்றிய மணற்கல் தூண்கள் நின்ற ஒரு பெருமண்டபத்தின் தடயங்கள் வெளிப்பட்டபோது, பாரசீகத் தொடர்பு பற்றிய விவாதம் சூடுபிடித்தது. தொடர்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அசோகத் தூணின் மணி வடிவத் தலைப்பும், சிங்கத்தின் முகத்தைச் சுருக்கங்களாலும் பிடரியைச் சீரான கற்றைகளாலும் காட்டும் முறையும் அதைச் சொல்கின்றன. ஆனால் பாரசீகத்தில் தூணின் அடியில் இருந்த மணி வடிவம் இங்கே உச்சிக்குப் போயிருக்கிறது. பாரசீகத் தண்டு பள்ளவரிகளோடு பல துண்டுகளால் ஆனது. அசோகருடைய தண்டு வழவழப்பான ஒரே கல்.

பாரசீகத் தூண் ஒரு மண்டபத்தின் உறுப்பு. அசோகத் தூணோ திறந்தவெளியில் தனியே நிற்பது. அதன் விலங்கின்மேல் உத்திரம் வரப்போவதில்லை. அதனால்தான் ராம்பூர்வாவில் கிடைத்த காளை நான்கு கால்களில் முழு உடலோடு நிற்க முடிகிறது. பெர்சிபோலிஸ் காளைக்கு அந்த உரிமை இல்லை; அதன் பின்னுடல் இருக்க வேண்டிய இடம் உத்திரத்துக்கு உரியது. சாரநாத்திலோ நான்கு சிங்கங்களின் முன்பாதிகள் மறுபடியும் முதுகோடு முதுகு சேர்கின்றன. அவற்றின் தலைகளுக்கு மேல் ஒரு பெரிய கல் சக்கரம் இருந்தது. அதன் உடைந்த துண்டுகள் அங்கேயே கிடைத்தன. 1950 ஜனவரி 26 அன்று இந்தியா ஏற்ற அரசுச் சின்னத்தில் அந்த மேல் சக்கரம் இடம்பெறவில்லை. சின்னத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்தச் சிங்கங்களும் ஒரு காலத்தில் ஒன்றைத் தாங்கி நின்றவை என்பது தெரிவதில்லை.